விளையாட்டை வைத்து மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யலாமா? (திருகோணமலை, வேலைத்தளப் பயிற்சி)

உப்புவெளி அலை எழுதியது:

வணக்கம். கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு ஹோட்டலில் பணியாளர் பயிற்சியைப் பார்ப்பது என் வேலை. ஏறக்குறைய 40 பேர் இருக்கிறோம். ஒக்டோபர் மழை தொடங்கினால் அறைகள் காலியாகிவிடும், அதனால் பயிற்சிகளை அந்த மாதங்களில்தான் வைப்போம்.

இந்த வருடம் முதலாளி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். 10 பேரைத் தெரிவு செய்து, கொழும்பில் இருந்து ஒரு பயிற்றுநரைக் கூப்பிட்டு, சிமுலேஷன் விளையாட்டு (உண்மை நிலைமையைப் போலச் செய்து பார்ப்பது) வைத்து, அதில் கிடைக்கும் புள்ளிகளைப் பார்த்து 2 பேரை மேற்பார்வையாளர் ஆக்கலாம் என்கிறார். நேர்முகப் பரீட்சையில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள், விளையாட்டில் ஆளின் குணம் வெளியே வந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் போன வருடம் நடந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. அப்போதும் ஒரு செயலமர்வு வைத்தோம். 20 ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு யார் நீள நூல், ஒரு யார் நீள டேப், மார்ஷ்மெலோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று. 18 நிமிடத்துக்குள் மார்ஷ்மெலோ உச்சியில் இருக்கும்படி கோபுரம் கட்ட வேண்டும். வரவேற்பு மேசையில் நிற்கும் ஒரு பிள்ளை அந்த 18 நிமிடமும் டேப்பைக் கிழித்துக் கொடுத்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பயிற்றுநர் அவளுக்கு 10க்கு 3 போட்டு, பக்கத்தில் ‘பங்களிப்பு குறைவு’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அப்புறம் சீசனில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மின்சாரம் நின்றது, ஜெனரேட்டரும் இயங்கவில்லை. வாசலில் 2 பஸ் நிறைய ஆட்கள். கணினி இல்லை என்றால் எந்த அறை யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை ஒரு கொப்பியை எடுத்தாள். சாவிப் பலகையில் தொங்கும் சாவிகளைப் பார்த்து அறை இலக்கங்களை எழுதினாள். சமையலறைக்கு ஆளனுப்பி 60 இளநீர் வெட்டச் சொன்னாள். முதியவர்களையும் குழந்தை வைத்திருந்தவர்களையும் முதலில் கீழ்த்தள அறைகளுக்கு அனுப்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. முக்கால் மணித்தியாலத்தில் வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. எழுதிய பக்கத்தை நான் கிழித்து வைத்திருக்கிறேன், 34 அறை, ஒரு வெட்டுக்கூட இல்லை.

அவளுடைய கோப்பில் இன்னும் அந்த 3தான் இருக்கிறது. இந்த வருடமும் விளையாட்டுப் புள்ளியை வைத்து ஆள் எடுத்தால் அவள் வர மாட்டாள். நான் முதலாளியிடம் என்ன சொல்லட்டும்? விளையாட்டே வேண்டாம் என்றா, வேறு மாதிரிச் செய்வோம் என்றா?

உவர்மலைத் தம்பி எழுதியது:

அக்கா, பிழை அந்த விளையாட்டில்தான் என்று நினைக்கிறேன். ஸ்பகெட்டி அடுக்குவதற்கும் ஹோட்டல் வேலைக்கும் என்ன சம்பந்தம்? இப்போது நல்ல கணினி விளையாட்டுகள் நிறைய வந்துவிட்டன. 2016இல் வந்த ஓவர்குக்ட் அப்படியே சமையலறைதான். 4 பேர் சேர்ந்து வெட்டி, வேகவைத்து, தட்டுக் கழுவி, நேரத்துக்குப் பரிமாற வேண்டும். யார் யாருக்கு வழி விடுகிறார்கள், யார் சொல்லாமலே தட்டுக் கழுவப் போகிறார்கள் என்பது 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று கீப் டோக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ், 2015இல் வந்தது. ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார். அதை எப்படிச் செயலிழக்கச் செய்வது என்ற கையேடு மற்றவர்களிடம் இருக்கும், அவர்களுக்குத் திரை தெரியாது. வாயால் சொல்லியே செய்து முடிக்க வேண்டும். வரவேற்பு மேசைக்கும் பராமரிப்புப் பகுதிக்கும் நடுவே தொலைபேசியில் நடப்பதும் இதுதானே?

ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018இல் வெளியிட்டது. முன்பின் அறியாதவர்களைக் குழுக்களாக்கி ஒரு வேலை கொடுத்தார்கள். பிறகு சில குழுக்களை 45 நிமிடம் சேர்ந்து வீடியோ விளையாட்டு விளையாட விட்டு, மறுபடி வேலை கொடுத்தார்கள். விளையாடியவர்களின் வேலைத்திறன் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது.

கொட்டியாறு எழுதியது:

தம்பி சொன்ன ஆராய்ச்சியை நானும் வாசித்தேன். அதில் விளையாடியவர்களுக்கு யாரும் புள்ளி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்ந்து விளையாடினார்கள், கொஞ்சம் நெருங்கினார்கள், அப்புறம் வேலை சுலபமானது. அலை தங்கச்சியின் முதலாளி கேட்பது வேறு.

நான் தாதியாக 26 வருடம் வேலை செய்தவள். எங்கள் துறைக்கு இந்தச் சிமுலேஷன் பயிற்சி விமானத் துறையில் இருந்து வந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

1977 மார்ச் 27, தெனரீப் தீவில் 2 ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. ஒரு விமானத்தின் கப்டன் புறப்பட ஆரம்பித்துவிட்டார். மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லன்ட் அருகே இன்னொரு விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்று பார்த்துக்கொண்டு வட்டமடித்தபடியே எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். கப்டனுக்கு உறைக்கிற மாதிரி அவர்கள் சொல்லவில்லை.

இரண்டிலும் விமானம் ஓட்டத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. 1979இல் நாசா ஒரு கூட்டம் வைத்து இதை ஆராய்ந்தது. 1981இல் யுனைட்டட் விமான நிறுவனம் விமானிகள் குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் பயிற்சியை ஆரம்பித்தது. முழுக் குழுவையும் சிமுலேட்டரில் ஏற்றி, ஒரு பயணத்தை ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை ஓட்டவைத்து, நடுவில் ஒரு பழுதைக் கொடுப்பார்கள். முடிந்த பின் பதிவை ஓடவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காபா என்ற மயக்க மருந்து வைத்தியர் அதைச் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தார், 1990 வாக்கில்.

நான் பயிற்சி எடுத்தபோது ஒரு பொம்மை நோயாளி படுத்திருந்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தப் போக்கு. 12 நிமிடக் காட்சி. அதில் நான் ஒரு மருந்தின் அளவைப் பிழையாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாணவிக்கு அது பிழை என்று தெரிந்திருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. முடிந்த பின் 40 நிமிடம் பேசினோம். ‘ஏன் பிள்ளை சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘நீங்கள் சீனியர், சிஸ்டர்’ என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அந்த முழுப் பயிற்சியும் என்று எனக்குப் பட்டது. அடுத்த நாளில் இருந்து வார்டில் மருந்து எடுக்கும்போது அளவைச் சத்தமாகச் சொல்லி, கூட நிற்பவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

அன்றைக்கு எனக்குப் புள்ளி போட்டிருந்தால்? நான் அந்தப் பிழையை ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன். அவளும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள்.

டொக்யார்ட் வீதி எழுதியது:

எனக்கு வயது 71. துறைமுகப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆட்களைத் தெரிவு செய்யும் குழுக்களில் பல தடவை இருந்திருக்கிறேன். அதனால் புள்ளி போடும் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

விளையாட்டு வைத்து ஆள் எடுப்பது புதிய யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சங்கதி. பிரிட்டிஷ் இராணுவம் 1942இல் இதற்கென்றே தெரிவுக் குழுக்களை அமைத்தது. 8 பேரை வெளியில் கூட்டிப்போய், தலைவர் என்று யாரையும் நியமிக்காமல், ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். இன்னும் ஒரு படி மேலே போனது. மரக்கட்டைகளைப் பொருத்தி 10 நிமிடத்தில் ஒரு சட்டகம் கட்ட வேண்டும், உதவிக்கு 2 பேர் தருவார்கள். அந்த இரண்டு பேரும் உண்மையில் பரீட்சகரின் ஆட்கள். ஒருவன் சோம்பேறி மாதிரி நடிப்பான், மற்றவன் ஓயாமல் குறை சொல்லி எரிச்சல் மூட்டுவான். ஒருவர்கூட அந்த வேலையை முடித்ததில்லை. முடிக்க விடக்கூடாது என்பதுதான் திட்டம், ஆள் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தார்கள். அதே ஓ.எஸ்.எஸ். அப்போது கண்டியில் இருந்து இயங்கியது, நம் திருகோணமலையிலும் முகாம் வைத்திருந்தது. போருக்குப் பின் 1956இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. இந்த முறையைத் தொழில் உலகத்துக்குக் கொண்டுவந்தது.

இனி முக்கியமான விடயம். இப்படிப் பல பயிற்சிகளில் போட்ட புள்ளிகளை 1982இல் சாக்கெட், டிரெஹர் என்ற 2 ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரு ஆளுக்குத் ‘தலைமைப் பண்பு’ என்று ஒன்று உள்ளே இருக்கிறதென்றால், முதல் பயிற்சியில் அதற்கு வாங்கிய புள்ளியும் இரண்டாம் பயிற்சியில் வாங்கியதும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஒரே பயிற்சிக்குள் தலைமை, பேச்சு, திட்டமிடல் என்று வேறு வேறு பெயரில் போட்ட புள்ளிகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த வேலையை அன்றைக்கு எப்படிச் செய்தார் என்பதுதான் புள்ளியில் தெரிந்தது. ஆளின் உள்ளே இருக்கும் குணத்தை அளந்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் அம்மா, அந்தப் பிள்ளையின் 3 என்பது ஸ்பகெட்டிக்கு வந்த 3. அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஒரே விளையாட்டை ஒரே ஆள் பார்த்துப் போடும் புள்ளியில் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மடிவலை எழுதியது:

நான் கரைவலைக் குடும்பம். எனக்கு இந்த விளையாட்டுகளே தேவையா என்று தோன்றுகிறது.

எங்கள் வாடியில் 30 பேர் வலை இழுப்பார்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டு வந்து மறு நுனியைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். அப்புறம் 2 பக்கமும் ஆட்கள் பிரிந்து நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் வேகம் கூடினால் வலை கோணிவிடும், மீன் சேரும் மடி சரியும், மீன் போய்விடும். நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து வர வேண்டும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கரையில் நிற்பார். ஆனால் உண்மையான கண் தண்ணீருக்குள் கழுத்தளவில் நிற்பவனுடையது. அவன் கையைத் தூக்கினால் 30 பேரும் நிறுத்துவார்கள், அவனுக்கு வயது 19 என்றாலும் சரி.

யார் நல்ல கூட்டாளி என்று அறிய எங்களுக்கு 2 நாள் வலை இழுத்தால் போதும். அக்கா, உங்கள் ஹோட்டலிலும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை ஆட்கள் போய் ஆட்கள் வரும் நேரத்தில் மூலையில் நின்று பாருங்கள், மேற்பார்வையாளர் யார் என்று தெரிந்துவிடும்.

கொட்டியாறு எழுதியது:

மடிவலைத் தம்பி, படித்துச் சந்தோசப்பட்டேன். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் 19 வயதுக்காரன் கையைத் தூக்கினால் எல்லோரும் நிறுத்துவார்கள் என்கிறீர்களே, அந்த ஒன்றைக் கொண்டுவரத்தான் விமானத் துறை இத்தனை வருடம் பாடுபட்டது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வலை பாதி வரும்போது நிறுத்தி, ‘இப்போது ஏன் இடது பக்கம் வேகமாக இழுத்தீர்கள்?’ என்று கேட்க முடியுமா? மீன் போய்விடும். என் வார்டிலும் முடியாது, நோயாளி போய்விடுவார். விளையாட்டில் நிறுத்தலாம், கேட்கலாம், திரும்ப ஆரம்பத்தில் இருந்து செய்யலாம். அதற்காகத்தான் அது வேண்டும்.

உப்புவெளி அலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உவர்மலைத் தம்பி, நீங்கள் சொன்ன வெடிகுண்டு விளையாட்டை எங்கள் தகவல் தொழில்நுட்பப் பையன் மடிகணினியில் போட்டான், நேற்று 4 பேரோடு செய்து பார்த்தேன். நாங்கள் எடுத்த கையேடு ஆங்கிலம். தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணா 2 நிமிடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். சமையலறை அக்காவுக்கு 52 வயது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மட்டும் பேசினார். வெளியில் இருந்து பார்க்கும் யாரும் அவரைத்தான் தலைவர் என்று எழுதுவார்கள்.

போன வருடம் அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை என்றும் அப்போதுதான் உறைத்தது. செயலமர்வு சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நடந்தது. அவள் சம்பூர்ப் பக்கம், தமிழில்தான் யோசிப்பாள். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

தங்கச்சி, மொழி அதிகம் தேவைப்படாத ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். பேசவே கூடாது என்பதுதான் அதன் சட்டம். நான் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் களஞ்சியப் பொறுப்பில் இருக்கிறேன், எங்கள் ஆட்களோடு 2 தடவை விளையாடியிருக்கிறேன்.

1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே பொரஸ்டர் குழுவினர் உருவாக்கியது. அங்கே பியர் விளையாட்டு என்பார்கள், நாங்கள் சோடா என்று மாற்றிக்கொண்டோம். 4 இடம்: கடை, மொத்த வியாபாரி, விநியோகத்தர், தொழிற்சாலை. ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 பெட்டி. வாரத்துக்கு ஒரு துண்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். துண்டு போய்ச் சேரவும் தாமதம், பெட்டி வந்து சேரவும் தாமதம், ஒவ்வொன்றும் 2 வாரம். கையில் தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டொலர் செலவு, கொடுக்க முடியாமல் கடனாக நிற்கும் பெட்டிக்கு 1 டொலர். நாங்கள் 50 ரூபாய், 100 ரூபாய் என்று வைத்தோம். வாடிக்கையாளர் எத்தனை கேட்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும். 50 வாரம் என்று சொல்லிவிட்டு 36இல் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் எல்லோரும் கையிருப்பைக் காலி செய்யப் பார்ப்பார்கள்.

என்ன நடக்கும் என்று இப்போது சொல்ல மாட்டேன். விளையாடிவிட்டு வந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: முடிந்ததும், கடைக்காரரைத் தவிர மற்ற 3 பேரிடமும் வெற்றுத் தாளைக் கொடுத்து, ‘வாடிக்கையாளர் வாரா வாரம் எத்தனை கேட்டிருப்பார் என்று கோடு வரையுங்கள்’ என்று சொல்லுங்கள்.

உப்புவெளி அலை எழுதியது:

நாநா, விளையாடிவிட்டோம். இரவு 11 மணி ஆகிவிட்டது, ஆனால் எழுதாமல் படுக்க முடியவில்லை.

பணியாளர் சாப்பாட்டு அறையில் 2 மேசையைச் சேர்த்துப் போட்டோம். பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை, களஞ்சியத்துக்குப் பதில் தேநீர்ச் சாசர். கடை அந்த வரவேற்புப் பிள்ளை. மொத்த வியாபாரி தோட்டத்து அண்ணா. விநியோகத்தர் எங்கள் ஸ்டோர் அண்ணா. தொழிற்சாலை சமையலறை அக்கா.

முதல் 4 வாரம் வாடிக்கையாளர் சீட்டில் 4, 4, 4, 4. 5ஆம் வாரம் 8. பிள்ளை கொஞ்சம் யோசித்து 10 என்று எழுதினாள். தோட்டத்து அண்ணா 14. ஸ்டோர் அண்ணா துண்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு 24 எழுதினார். அக்கா சாசரில் புளியங்கொட்டை எல்லாம் முடிந்து, கடன் 30ஐத் தாண்டியபோது, பென்சிலை அழுத்தி 40 என்று எழுதினார், தாள் கிழிந்துவிட்டது. பேசக்கூடாது என்பதால் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். தோட்டத்து அண்ணா மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் 20ஆம் வாரத்துக்குக் கிட்ட எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஸ்டோர் அண்ணாவின் சாசரில் இடமில்லாமல் புளியங்கொட்டை மேசையில் உருண்டது. அவர் வரிசையாக 8 வாரம் பூச்சியம் எழுதினார்.

கோடு வரையச் சொன்னேன். 3 பேரும் மலை மாதிரி வரைந்தார்கள், ஏறி, உச்சிக்குப் போய், சரிந்து. ஸ்டோர் அண்ணா சொன்னார்: ‘கடையில் இருந்த பிள்ளைக்குக் கணக்குத் தெரியவில்லை, ஒருநாள் 20 கேட்கிறாள், ஒருநாள் ஒன்றும் கேட்கவில்லை.’ அவரிடம் துண்டு கொண்டுவந்தவர் தோட்டத்து அண்ணா என்பதையே மறந்துவிட்டார். அவ்வளவு கோபம். பிறகு வாடிக்கையாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி மேசையில் வைத்தேன். 4, 4, 4, 4, அதன் பின் 8, 8, 8, 8, கடைசிவரை 8.

ஒருவரும் பேசவில்லை. அக்காதான் முதலில், ‘அப்போ ஒருதடவைதான் மாறினதா?’ என்று கேட்டார். ஸ்டோர் அண்ணா தன் தாளையும் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘தங்கச்சி, பிழையாக நினைத்துவிட்டேன்’ என்றார்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். எங்கள் ஆட்களும் இதே கதைதான். எம்.ஐ.டி.யில் ஜோன் ஸ்டெர்மன் 1989இல் எழுதியபடி, குழுக்களின் செலவு இருக்கக்கூடிய மிகக் குறைந்த செலவைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வந்தது. கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு, அதனால் சாட்டை விளைவு என்று பெயர்.

எனக்கு இது வாழ்ந்து பார்த்த விடயம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏற்றித்தான் சாமான் வரும். காற்றடித்தால் பாதை ஓடாது. அதனால் மாவும் சீனியும் தேவைக்கு மேல் கூட்டி ஓடர் போடுவோம். கடைக்காரர்களும் கூட்டிப் போடுவார்கள். பிறகு ஒரே நாளில் எல்லாம் வந்து இறங்கும், வைக்க இடமிராது. அந்தக் காலத்தில் எத்தனை கடைக்காரர்களோடு சண்டை பிடித்தேன்! ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, நடுவில் தண்ணீர் இருந்தது.

இப்போது உங்கள் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள் தங்கச்சி. அந்த மேசையில் யாருக்கு எத்தனை புள்ளி போடுவார்? 40 எழுதிய அக்காவுக்குக் குறைத்தா? அவர் இடத்தில் எவரை வைத்தாலும் அப்படித்தான் எழுதுவார். புள்ளி போட்டால் ஸ்டோர் அண்ணா செய்த பிழையை நாமும் செய்கிறோம்.

டொக்யார்ட் வீதி எழுதியது:

நாநா சொன்னது சரி. ஆனால் முதலாளிக்கு 2 மேற்பார்வையாளர் வேண்டும், அதற்கும் ஒரு வழி சொல்லத்தான் வேண்டும். வெறுமனே வேண்டாம் என்றால் அவர் தனக்குப் பிடித்தவரைப் போட்டுவிடுவார்.

என் ஆலோசனை இது. வளர்ப்பதற்கான விளையாட்டையும் தெரிவு செய்யும் வேலையையும் பிரியுங்கள். விளையாட்டறைக்குள் புள்ளித் தாளே போகக்கூடாது. அதை முதலாளி எல்லோர் முன்னும் தன் வாயால் சொல்ல வேண்டும். தெரிவுக்கு அந்த வேலையையே கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கு 2 வாரம் பதில் (தற்காலிக) மேற்பார்வையாளராக. 2 பேர் தனித்தனியாகக் கவனித்து எழுதட்டும். ‘தலைமை 7’ என்று எழுத வேண்டாம். ‘அறை 12இன் முறைப்பாடு வந்ததும் பராமரிப்புக்குத் தானே போனார், திரும்பி வந்து விருந்தினருக்குச் சொன்னார்’ என்று கண்ணால் கண்டதை எழுதட்டும். என் காலத்தில் நாங்கள் இப்படிச் செய்யவில்லை. குணத்துக்குப் புள்ளி போட்டோம், அதில் நல்ல ஆட்கள் சிலர் வெளியே நின்றார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

உவர்மலைத் தம்பி எழுதியது:

நான் சொன்ன விளையாட்டு அப்படிப் போனதற்கு வருத்தமாக இருக்கிறது அக்கா. ஆனால் அந்த முறையை வீசிவிட வேண்டாம். திரை இல்லாமலே செய்யலாம். முதுகோடு முதுகாக 2 பேரை உட்கார வைத்து, ஒருவரிடம் அறை அடுக்கிய படம், மற்றவரிடம் வெற்றுத் தாளும் பென்சிலும். தமிழிலும் சிங்களத்திலும் யாருக்கு எது வசதியோ அதில் பேசட்டும். பின்னர் மொழி மாற்றி மாற்றி ஆட்களைச் சேருங்கள். நான் படங்கள் வரைந்து தருகிறேன், காசு வேண்டாம்.

உப்புவெளி அலை எழுதியது:

தம்பி, கட்டாயம் தாருங்கள்.

முதலாளியிடம் கதைத்துவிட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார். அந்த 34 அறை எழுதிய பக்கத்தையும் அதே பிள்ளையின் 3ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சரி, இந்த மழைக்காலம் நீ சொல்கிற மாதிரிச் செய்’ என்றார். பதில் மேற்பார்வையாளர் முறை ஜனவரியில் ஆரம்பிக்கிறது, ஐயா சொன்னபடி கவனிப்பவர் 2 பேர். பிள்ளையின் பெயரும் பட்டியலில் இருக்கிறது, மற்ற 9 பேரைப் போலவே.

அந்தச் சோடா விளையாட்டுக்குப் பின் இன்னொன்றும் நடந்தது. பேசிக்கொண்டிருந்தபோது, ‘நம் வேலையில் இப்படி எங்கே நடக்கிறது?’ என்று கேட்டேன். உடனே அக்கா சொன்னார்: ‘இறால்.’ அறை ரத்தானால் வரவேற்பு மேசைக்குத் தெரியும், சமையலறைக்குத் தெரியாது. ஒருநாள் குறைந்துபோனால் அடுத்த நாள் அக்கா கூட்டிக் கேட்பார், ஸ்டோர் அண்ணா அதற்கு மேல் கூட்டி வாங்குவார். போன சீசனில் எத்தனை கிலோ வீசினோம் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், ஸ்டோர்க் கதவில் ஒரு வெள்ளைப் பலகை. இன்று, நாளை, நாளை மறுநாள் என்று 3 கட்டம், ஒவ்வொன்றிலும் எத்தனை அறை, எத்தனை சாப்பாடு. பிள்ளையின் கையெழுத்து. கீழே ஸ்டோர் அண்ணா சிவப்பில் ‘மாறினால் உடனே சொல்லவும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறார்.

அடுத்த வாரம் ஜெனரேட்டர் நின்ற அந்தச் சனிக்கிழமையையே காட்சியாக வைத்து விளையாடப் போகிறோம். கொட்டியாறு அக்கா, நீங்கள் சொன்ன 12 நிமிடக் காட்சி, 40 நிமிடப் பேச்சு மாதிரி. நடுவில் ஒருதடவை வந்து உட்காருவீர்களா? எனக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது, எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.

கொட்டியாறு எழுதியது:

வருகிறேன். புதன்கிழமை என்றால் வசதி. மூதூரில் இருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். வரும்போது ஒரு மணிக்கூடு கொண்டுவருகிறேன், கேள்வி கேட்டபின் யாராவது பேசும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

மடிவலை எழுதியது:

அக்கா, காட்சிக்கு 60 இளநீர் வேண்டும் என்றால் சொல்லுங்கள். சல்லி ஊரில் மாமாவின் வளவில் இருக்கிறது. நானும் ஒரு மூலையில் நின்று பார்க்க ஆசை.